நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு

ஜனக்புரி
2 டிசம்பர் 2024

இல்லை, விளக்கைப் போட முடியாது. போட்டால் பாப்பா எழுந்துவிடுகிறாள். ப்ளாஷ் போட்டால் அரை மணி நேரம் அழுகிறாள். நேற்றுப் போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் நிற்பதாகச் சொன்னீர்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதல் ரோல் முடிந்தது. நெகட்டிவும் பிரிண்டும் இத்துடன். நீங்கள் செப்டம்பரில் புறப்படும்போது சொன்னபடியே செய்தேன். எண்ணூறு வேகப் பிலிமை ஆயிரத்து அறுநூறு என்று கேமராவிடம் பொய் சொன்னேன். லேபில் டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்து அந்தப் பொய்யை ஈடுகட்டச் சொல்லியாயிற்று. நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் தேதி, மணி, அபெர்ச்சர், ஷட்டர் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களையும் கிழித்து வைத்திருக்கிறேன்.

ஷட்டர் எல்லாம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அதைவிட வேகமாக வைத்தால் மீட்டர் முள் கீழே விழுந்துவிடுகிறது. பதினைந்தில் ஒரு பங்கு என்பது எனக்கு ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு அது நீண்ட நேரம். அதற்குள் ஒரு கையை விரித்து மூடிவிடுகிறாள். படத்தில் கை இருக்கும் இடத்தில் புகை.

போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன் என்று எத்தனை முறை சொன்னேன். உங்கள் முகாமில் மொபைல் கூடாது, சரி. காகிதத்துக்குத் தடை இல்லையே. போன் இருட்டைத் தானாக வெளிச்சமாக்கும், முகத்தை மெழுகிவிடும், என் மகள் முகம் எனக்கு மெழுகாமல் வேண்டும் என்கிறீர்கள். ஏழு வாரக் குழந்தையை மெழுகினால் என்ன, மெழுகாவிட்டால் என்ன. சரி. பிலிமிலேயே எடுக்கிறேன்.

அம்மா கரூர் போய் மூன்று வாரம் ஆகிறது. அப்பாவின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. நலம்.

வைஷ்ணவி


முகாம்
14 டிசம்பர் 2024

வைஷு,

பொட்டலம் நேற்று ஹெலிகாப்டரில் வந்தது. பதினோரு நாள். கையுறையைக் கழற்றாமல் பிரிக்கப் பார்த்து உறையைக் கிழித்துவிட்டேன்.

முப்பத்தாறு படம். ஏதோ தெரிவது ஏழில். மற்றதெல்லாம் சேறு. அந்த ஏழில் ஒன்றில்கூடக் கண் பளிச்சென்று விழவில்லை. காது ஒன்றில் அருமையாக வந்திருக்கிறது. என் மகளின் இடது காதை இப்போது நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் சமையல்காரர் ஜோதிலிங்கம் அண்ணன் ஒவ்வொன்றாக வாங்கி டார்ச்சில் பார்த்தார். ராமநாதபுரத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. "ஏம்ப்பா ஹவில்தாரு, இதுல பாப்பா எது, தலகாணி எது?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய் ஆண்டெனாவின் பனியைத் தட்டினேன். தட்ட வேண்டிய நேரம் இல்லை.

லீவு மறுத்துவிட்டார்கள். மாற்று ஆள் ஏறி வர மார்ச் கடைசி ஆகும். நேரில் இன்னும் பார்க்கவில்லை, அதுவரை அவள் எனக்கு இந்தக் காகிதம்தான். அதனால்தான் தொல்லை செய்கிறேன், புரிந்துகொள்.

வெள்ளை விரிப்பைப் பார்த்தால் மீட்டர் ஏமாறும், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும். கன்னத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய் அளந்துகொண்டு, அந்த எண்ணை மாற்றாமல் பின்னால் வந்து எடு. முழங்கையைக் கட்டிலில் ஊன்று. மூச்சை விட்டு முடித்த பிறகு அழுத்து. கண்ணில் போகஸ். லேபில் இருக்கும் ஆளிடம் ஒரு ஸ்டாப் புஷ், அதாவது டெவலப்பரில் அந்தக் கூடுதல் நேரம், என்று நீயே நின்று சொன்னாயா, இல்லை சீட்டில் எழுதிக் கொடுத்தாயா? சீட்டை அவர்கள் படிப்பதில்லை.

இன்னொன்று. நிறம் ஏன் இப்படி? எல்லாம் செங்கல் பொடி தூவின மாதிரி இருக்கிறது. மஞ்சள் காமாலை ஏதாவதா? டாக்டரிடம் காட்டினாயா? ஆறாவது வார ஊசி போட்டாயிற்றா?

மூன்று ரோல் பாக்கி இருக்கிறது. பிரிட்ஜின் கதவில் வை, உள்ளே தள்ளாதே.

ஸ்ரீதர்


ஜனக்புரி
8 ஜனவரி 2025

காமாலை இல்லை. ஊசி போட்டாயிற்று. நிறம் அப்படித்தான் விழுகிறது.

இரண்டாவது ரோல் இத்துடன். பார்த்தாலே தெரியும். எல்லாவற்றின் மேலும் சாம்பல் பூத்திருக்கிறது. கறுப்பு கறுப்பாக இல்லை. அழுக்குத் தண்ணீருக்கு அடியில் ஒரு குழந்தை படுத்திருப்பதுபோல் இருக்கிறது. புஷ் சரியாகத்தான் செய்தோம், ரோல் வரும்போதே கெட்டிருந்தது என்று லேபில் சொல்லிவிட்டார்கள். கெட்டிருந்தது என்றால் எப்படி என்று கேட்டால் தோளைக் குலுக்கல்.

நீங்கள் சொன்ன எல்லாம் செய்தேன். கன்னத்தில் அளந்தேன். முழங்கையை ஊன்றினேன். மூச்சை விட்டேன். நாலு நாள். அதில் ஒரு படத்தில் அவள் கேமராவைப் பார்த்தாள். அழுத்தும்போதே தெரிந்தது, இதுதான் என்று. இருபத்திரண்டாவது படம். எடுத்துப் பாருங்கள். சாம்பல்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கேள்விகளை எண்ணினேன். மீட்டரைப் பற்றி, லேபைப் பற்றி, நிறத்தைப் பற்றி, ஊசியைப் பற்றி. என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கியா" என்கிறீர்கள். "ம்" என்கிறேன். இரண்டு நிமிடத்தில் அதற்கு மேல் எதையும் தொடங்க முடியாது.

எம்.ஏ. படிக்கும்போது ஒரு பேராசிரியை சொல்வார், ஒன்றைத் திரும்பத் திரும்ப விவரித்தால் அது இல்லாமல் போய்விடும் என்று. அப்போது நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்போது ஒரே கட்டில், ஒரே விரிப்பு, ஒரே முகம். எழுபத்திரண்டு முறை.

போனில் எடுத்த ஐந்து படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூக்கு யாருடையது என்றாவது தெரியும்.

வைஷ்ணவி


முகாம்
17 ஜனவரி 2025

வைஷ்ணவி,

போன் படங்கள் கிடைத்தன. விளம்பரத்தில் வரும் குழந்தை. ஜோதிலிங்கம் அண்ணன் தன் பெட்டி மேல் ஒன்றை ஒட்டிக்கொண்டார். மூக்கு என் அம்மாவுடையது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெழுகியிருக்கிறது.

இப்போது ரோலுக்கு வருகிறேன். நெகட்டிவை இரண்டு ராத்திரி டார்ச்சில் வைத்துப் பார்த்தேன். படமே விழாத ஓரத்தில்கூட பிலிம் மங்கியிருக்கிறது. லேபின் தப்பு இல்லை. உன் மீட்டரின் தப்பும் இல்லை. எக்ஸ்ரே. மெட்ரோ ஸ்டேஷனில் பையைப் போடுகிறோமே, அந்த ஸ்கேனர். வேகமான பிலிம் என்றால் ஒளியை மட்டும் வேகமாகக் குடிக்காது, அதையும் குடிக்கும். ரோலைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகக் காட்டு என்று புறப்படும்போது படித்துப் படித்துச் சொன்னேன்.

ஆனால் ஒரு தடவை, இரண்டு தடவையில் இப்படி ஆகாது. கரோல் பாக் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் ரோல் ஒரு தடவைதான் உள்ளே போகும். இது பத்துத் தடவைக்குக் குறையாமல் போயிருக்கிறது. அதாவது ரோலைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நீ மெட்ரோவில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாய். மூன்று மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் எங்கே போகிறாய்? அவளைத் தூக்கிக்கொண்டு போகிறாயா, யாரிடமாவது விட்டுவிட்டுப் போகிறாயா? போனில் இதைக் கேட்க முடியாது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். உன் நோட்டில் இருப்பது உண்மையான எண்கள் இல்லை. டிசம்பர் 23, காலை பதினொன்று: எப் 2, பதினைந்தில் ஒரு பங்கு. 24, பன்னிரண்டரை: அதே. 26, மதியம் இரண்டு: அதே. முதல் ரோலிலும் அதே. செப்டம்பரில் நானே அந்தக் கட்டிலில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கிழக்கு ஜன்னல். அதே பிலிம் வேகம், அதே எப் 2, பதினோரு மணிக்கு இருநூற்று ஐம்பதில் ஒரு பங்கு வந்தது. நீ எழுதியிருப்பது அதைவிடப் பதினாறு மடங்கு இருட்டு. டெல்லிப் பனிமூட்டம் என்று சொல்லாதே. மூட்டம் நாளுக்கு நாள் மாறும். எழுபத்திரண்டு படத்துக்கும் ஒரே எண் என்றால் ஒன்று மீட்டர் பொய், இல்லை நீ பார்க்காமலே எழுதுகிறாய். மீட்டர் பேட்டரியை நான்தான் புதிதாகப் போட்டுவிட்டு வந்தேன்.

உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். இங்கே ஒருவன் இதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருக்கலாம்.

ஸ்ரீதர்


ஜனக்புரி
27 ஜனவரி 2025

எண்கள் உண்மை. ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்த்துத்தான் எழுதினேன். உங்களுக்கு அனுப்பியதில் அது ஒன்றுதான் உண்மை என்று இப்போது தோன்றுகிறது.

தினமும் எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதவு வரை. பால் பாக்கெட் எடுக்க. காய்கறிப் பையை எடுக்க. அவ்வளவுதான். நவம்பர் ஒன்பதாம் தேதியிலிருந்து இன்றுவரை எழுபத்தொன்பது நாள். படி இறங்கவில்லை.

அன்று அம்மாவை டாக்ஸியில் ஏற்றிவிட்டு மேலே வந்தேன். "ஏன் கண்ணு, தனியாப் பார்த்துக்குவியா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். பார்த்துக்குவேன் என்றேன். மேலே வந்தால் கட்டில் முழுவதும் வெயில். பாப்பா அதன் நடுவில். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், தெரியாது. அந்தச் செம்மண் நிறத் திரையை இழுத்து மூடினேன். ஓரத்தில் வெளிச்சம் வந்தது. அதன் மேல் கம்பளியை ஊக்கால் குத்தினேன். நீங்கள் கேட்ட செங்கல் பொடி அதுதான். இரவில் கழற்றலாம் என்று நினைத்தேன். கழற்றவில்லை. பதினொன்றும் இரண்டும் எனக்கு ஒரே மணி. முள்ளுக்கும் அப்படித்தான்.

விளக்கைப் போட்டால் அவள் எழுந்துவிடுகிறாள் என்று எழுதினேன். அவள் எழுவதில்லை. எனக்குத்தான் முடியவில்லை.

லேபுக்கு நான் போகவே இல்லை. கீழ்வீட்டு ஜ்யோத்ஸ்னா போனாள், தபாலும் அவள் கையில்தான். கரோல் பாக்கில் வங்கியில் வேலை, தினமும் மெட்ரோ. நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பம்தான், ஆனால் இங்கேயே பிறந்த பெண். முதல் ரோலை அன்றே கொடுத்துவிட்டாள். இரண்டாவதை வருடக் கடைசி வேலையில் மறந்துவிட்டாள். அவள் கைப்பையின் ஜிப்புக்குள் கிடந்திருக்கிறது. ஆறு நாள் வேலைக்குப் போய் வந்தாள், ஆறாம் நாள் மாலை லேபில் கொடுத்தாள். கணக்குப் போட்டேன். பதினொரு தடவை. கையில் வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அது உள்ளே போனால் என்ன ஆகும், அப்படியானால் நீங்களே ஏன் போகவில்லை என்று பேச்சு நீளும். உங்கள் கடிதம் வந்த பிறகு கேட்டேன். "அரே அக்கா, சச் மே, நிஜமாவே மறந்துபோச்சு, இத்தனூண்டு டப்பா" என்று காதைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் கோபம் இல்லை.

ஊசி போடவில்லை. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். மூன்றும். ஜ்யோத்ஸ்னா கேட்டபோது அவளிடமும் போட்டாயிற்று என்றேன். ஒவ்வொரு தடவையும் முந்தின இரவே பையில் அட்டையை வைத்துவிடுகிறேன். காலையில் செருப்புவரை போகிறேன்.

பால் கொடுக்கிறேன். துணி மாற்றுகிறேன். அவள் எடை கூடியிருக்கிறாள், கையில் தூக்கினால் தெரிகிறது. ஆனால் கேமரா வழியாகப் பார்க்கும்போதுதான் அவளைப் பார்க்க முடிகிறது. நீங்கள் கேட்டீர்கள், அதனால் பார்க்கிறேன். கேமராவை இறக்கினால் யாருடைய குழந்தையோ. இதை எழுதுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. இந்த ஒரு வரிக்கு.

மூன்றாவது ரோலில் ஒன்பது படம் எடுத்தேன். நிறுத்திவிட்டேன்.

நான் ஊர் சுற்றுகிறேன் என்று நினைத்தீர்கள். சிரிப்பு வந்தது. பிறகு நிற்கவில்லை.

வைஷ்ணவி


முகாம்
6 பிப்ரவரி 2025

வைஷு,

நேற்றுக் காற்று கொஞ்சம் அடங்கியபோது வந்த ஹெலிகாப்டரில் உன் கடிதம் கிடைத்தது. எழுபத்தொன்பது நாள். எழுபத்திரண்டு படம் அனுப்பியிருக்கிறாய். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அறை இருட்டு என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். அதை நான் மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தினமும் எங்கே போகிறாய் என்று எழுதிய பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இது ஜோதிலிங்கம் அண்ணனுடையது.

இங்கே ஒரு மருத்துவ அதிகாரி இருக்கிறார், அருள்ராஜ். உன் கடிதத்தைக் காட்டவில்லை. வாயால் சொன்னேன். தூங்குறாங்களா, சாப்பிடுறாங்களா, தனியா இருக்கும்போது பயமா இருக்குன்னு சொன்னாங்களா என்று கேட்டார். பிலிமைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். இது பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருவது, நோய், குணமாகும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். ஒரு சீட்டில் டாக்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார். அதை இத்துடன் வைக்கிறேன். ஜ்யோத்ஸ்னாவிடம் இதைக் காட்டு. அம்மாவைத் திரும்ப வரச் சொல். நானும் அத்தைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 26 இரவிலிருந்து போன் இல்லை. பனியில் டிஷ் சாய்ந்துவிட்டது. சிக்னல்ஸ் ஹவில்தார் நான், என்னாலேயே நிமிர்த்த முடியவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து மறுபடி காற்று. ஹெலிகாப்டர் இன்னும் எட்டுப் பத்து நாளைக்கு இல்லை என்கிறார்கள். லீவுக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை காரணத்தோடு. அந்தக் காகிதமும் இந்தக் கடிதம் கிடக்கும் அதே தபால் மூட்டையில்தான் கிடக்கிறது. எழுதிவிட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

படம் எடுக்க வேண்டாம். எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். சாப்பிட்டாயா?

ஸ்ரீதர்


ஆஸ்பத்திரி, மாடி வராந்தா
10 பிப்ரவரி 2025

உங்களிடமிருந்து பதில் இல்லை. இரண்டு ஞாயிறாகப் போனும் இல்லை. கோபமா, பனியா என்று தெரியவில்லை. இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். எதுவானாலும் என்னால் காத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பாப்பா அழுதாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, கடிகாரம் பார்க்கவில்லை. நான் அதே அறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று நினைக்கவும் இல்லை. கால் என்னுடையதாக இல்லை.

ஜ்யோத்ஸ்னா மேலே வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, ஜல்தி, சீக்கிரம் கதவைத் திறங்க" என்றாள். திறந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ப் பாப்பாவைத் தூக்கினாள். பிறகு திரும்பி அறையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வழக்கம்போல் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தூக்கமே இல்லை, நானும் இப்போதுதான் கண்ணயர்ந்தேன், அப்படி ஏதாவது. வாக்கியம் தயாராகத்தான் இருந்தது.

"என்னால முடியலை" என்றேன்.

சொன்ன பிறகு அறையில் எதுவும் மாறவில்லை. அவள் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சமையலறைக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினாள். நேற்றைக்கும் அங்கேயே படுத்துக்கொண்டாள். இன்றைக்கு லீவு போட்டாள். காலையில் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடிதான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். அவள் ஒரு படி கீழே நின்றாள். ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டேன். குளிர்காற்று. ஹார்ன்.

பாப்பாவுக்கு முதல் ஊசி போட்டார்கள். தொடையில். நர்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்னே தின் கஹாங் தீ?" என்று திட்டினார். இத்தனை நாள் எங்கே இருந்தாய். உங்கள் கேள்விதான். வீட்டில் என்றேன். அடுத்ததற்கு நாலு வாரம் கழித்து வரச் சொன்னார்.

இப்போது மாடியில், எனக்கான டாக்டரின் அறைக்கு வெளியே. எனக்கு முன்னால் ஆறு பேர். ஒரு பெண் புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்து, சுற்றி அவிழ்த்து. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் எழுதுவதைப் பார்க்கிறாள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நீங்கள் சந்தேகப்பட்டதில் இல்லை. இருட்டு எத்தனை மடங்கு என்று சரியாகக் கணக்குப் போட்ட பிறகும் இருட்டா என்று கேட்காததில் இருக்கிறது. அது கொஞ்ச நாள் இருக்கும். நீங்கள் மார்ச்சில் வரும்போதும் இருக்கலாம். வாருங்கள்.

முன்னால் இரண்டு பேர்.

என்ன சொல்வது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன், மறந்துவிடுவேன் என்று. இப்போது படித்தால் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது. கிழித்துவிட்டேன்.

என் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். பாப்பாவை ஜ்யோத்ஸ்னாவிடம் கொடுத்துவிட்டு, நான் மட்டும் உள்ளே போகிறேன்.